கோபாலபுரம் தாண்டித் தோப்பு வாங்கும்போது யார் உங்கள் ஆள்?

கேரளத்துக் கிராம அலுவலகப் பதிவேட்டில் ‘நிலம்’ என்று இருந்தால் அது நெல்வயல். வீடு கட்டவும் தோப்பு வைக்கவும் ஆகிற மேட்டு பூமிக்கு அங்கே ‘புரயிடம்’ என்று பெயர். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஐந்து ஏக்கர் தோப்பு பார்க்கப் போகிறவர் பத்திர நகலை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். ‘நிலம்’ என்று இருக்கிறது. நிலம் வாங்கத்தானே வந்தோம் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அந்தத் தோப்பில் பண்ணை வீடு கட்ட அனுமதி கேட்கும் நாளில்தான், 2008 ஆகஸ்ட் 12-இல் அமலுக்கு வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். தென்னைக்கு வயது முப்பதாக இருக்கலாம்; பதிவேட்டைத் திருத்தும்வரை அது வயல்தான்.

தெரிந்த சொல்லே காலை வாருகிற இடங்கள் இன்னும் உண்டு. ‘போக்குவரவு’ என்பது பட்டா மாறுதல். ‘ஆதாரம்’ என்பது பத்திரம், ‘முன்னாதாரம்’ அதற்கு முந்தைய பத்திரம், ‘கரார்’ அக்ரிமெண்ட், ‘முக்த்யார்’ பவர். ‘பட்டயம்’ என்றதும் நம்மூர்ப் பட்டா என்று நினைக்க வேண்டாம். அது அரசோ நிலத் தீர்ப்பாயமோ உரிமை கொடுத்த சான்று. நம் பட்டா எண்ணுக்குக் கிட்டத்தட்ட இணையானது ‘தண்டப்பேர்’ எண்.

தரகருக்கு இதெல்லாம் தெரியும். எல்லையின் இரு பக்கமும் நாள்தோறும் போய் வருகிறவர் அவர். ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருக்கிறதா? அதற்கு முதலில் அவர் யாருடைய ஆள் என்று தெரிய வேண்டும்.

அட்வான்ஸ் கைமாறும் நாளில் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இந்தப் பக்கத்துத் தரகர், அந்தப் பக்கத்துத் தரகர், இருவரையும் சேர்த்துவைத்த இன்னொருவர், ஆதாரம் எழுதுகிறவர், துபாயில் இருக்கும் உரிமையாளருக்காகப் பவர் வைத்திருக்கும் மைத்துனர், சில சமயம் தரகரே கூட்டிவந்த வக்கீல். இவர்களில், கிரயம் நின்றுபோனாலும் கூலி கிடைக்கிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒருவரும் தேறமாட்டார். ‘இதை வாங்காதீங்க’ என்று சொன்னால் தன் வருமானம் போய்விடும் என்ற நிலையில் இருப்பவரிடம் அந்த வாக்கியத்தை எதிர்பார்க்க முடியாது. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, கணக்கு அப்படி.

தரகரும் ‘நெட் ரேட்’டும்

மனை விற்பனை முகவர்களுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பதிவில்லாத முகவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், உச்சம் சொத்து மதிப்பில் 5 சதவீதம். ஆனால் அந்தச் சட்டம் ‘திட்டங்களுக்கு’ உரியது: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்பு. பாலக்காடு அருகே வில்லா மனை வாங்கினால் கேரள ரெராவின் இணையதளத்தில் திட்டத்தின் எண்ணையும் முகவரின் எண்ணையும் தேடிப் பார்க்கலாம், பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு ரெரா எண்ணைக் காட்டினால் அது கேரளத் திட்டத்துக்குப் பொருந்தாது. ஒரு விவசாயியிடமிருந்து இன்னொருவர் வாங்கும் தென்னந்தோப்புக்கோ இந்தச் சட்டமே வராது. அங்கே தரகரைக் கட்டுப்படுத்த இருப்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் மட்டும்.

பழைய சட்டம்தான், ஆனால் முகவரைப் பற்றிய அதன் அத்தியாயம் இன்றைக்கும் கூர்மையானது. 213-ஆம் பிரிவுப்படி முகவர் கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். 216-ஆம் பிரிவுப்படி, தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல் முகவர் தன் சொந்த லாபத்துக்காக வியாபாரம் செய்திருந்தால் அந்த லாபத்தை நியமித்தவர் கேட்டு வாங்கலாம். 219, தனி ஒப்பந்தம் இல்லாதவரை வேலை முடிந்த பிறகே கமிஷன் என்கிறது. 220, முறைகேடாக நடந்த பகுதிக்கு ஊதியமே கிடையாது என்கிறது. இவ்வளவும் பயன்பட ஒரு நிபந்தனை: அவர் உங்கள் முகவர் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் “பாத்துப் பண்ணிக்கலாமுங்க” என்று முடித்துக்கொண்டால் இருக்காது.

எல்லைப் பக்கம் அதிகம் நடப்பது நெட் ரேட் வியாபாரம். உரிமையாளர் ஏக்கருக்கு 20 லட்சம் நெட் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் கிடைப்பது தரகருக்கு. உங்களிடம் 23 லட்சம் சொல்லப்படுகிறது. ஐந்து ஏக்கருக்கு இடைவெளி 15 லட்சம். அதற்கு மேல் 1 கோடியே 15 லட்சத்துக்கு 2 சதவீதம் என்று உங்களிடமும் 2.30 லட்சம் கமிஷன். வாங்குகிறவரின் ஆளாக வந்தவர் விலை ஏற ஏறத் தானும் சம்பாதிக்கிறார். உரிமையாளருக்கு அட்வான்ஸ் நாள் வரை உங்கள் முகம் தெரியாமல் பார்த்துக்கொள்வது இதற்காகத்தான். ‘ஓனருக்குத் தமிழ் வராதுங்க, நானே பேசிடறேன்’ என்பார்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் வராதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதன் அடுத்த படி, ‘மறித்து விற்பது’. தரகரே சிறு தொகை கொடுத்துத் தன் பெயரில் கரார் போட்டுக்கொள்கிறார். ஆறு மாதத் தவணை முடிவதற்குள் உங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். நீங்கள் அட்வான்ஸ் கொடுப்பது சொத்து இல்லாதவரிடம். அவரிடம் இருப்பது வாங்கும் உரிமை மட்டும், அதுவும் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படி ஓர் ஏற்பாட்டில் நுழைவதே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் உரிமையாளர், தரகர், நீங்கள் மூவரும் ஒரே கராரில் கையெழுத்திட வேண்டும். உரிமையாளரின் பாக்கி அவர் கணக்குக்கே நேராகப் போக வேண்டும்.

முகவருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். யாருக்காக வேலை செய்கிறார், எதிர்த்தரப்பிடமும் வாங்குகிறாரா, கமிஷன் எத்தனை சதவீதம், அக்ரிமெண்ட் நாளிலா பதிவு நாளிலா, பதிவு நின்றால் என்ன, பணம் வாங்க அவருக்கு அதிகாரம் இல்லை என்பது. இந்தக் கடைசி வரியை மட்டும் எழுத மறக்கக் கூடாது. கமிஷனை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பவர் வைத்திருப்பவர்

பாலக்காட்டுப் பக்கத்துச் சொத்தில் உரிமையாளர் வளைகுடாவில் இருப்பது சாதாரணம். அதனால் பவர் ஏஜென்ட் என்பவர் இங்கே தவிர்க்க முடியாத ஆள். அவர் சட்டப்படி விற்பவரின் பிரதிநிதி. அவருடைய அதிகாரம் அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான். ‘நிர்வகிக்க, வாடகை வாங்க, வழக்கு நடத்த’ என்று நான்கு பக்கம் எழுதியிருக்கும்; ‘விற்க’ என்ற சொல் இருக்காது. விற்க, கிரயத் தொகை பெற, பத்திரத்தில் கையெழுத்திட, பதிவுக்குத் தாக்கல் செய்ய என்று தனித்தனியாக இருக்க வேண்டும். சர்வே எண்ணும் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் எழுதிய பவரானால் அங்கே இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. ஆகவே பதிவுக்கு முன் அவரோடு வீடியோ அழைப்பில் பேசுங்கள். இன்ன சொத்தை இன்ன விலைக்கு விற்கச் சம்மதம் என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை மைத்துனரின் கணக்கில் போடாதீர்கள். உரிமையாளரின் என்.ஆர்.ஓ. கணக்குதான் (வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய ரூபாய்க் கணக்கு) இடம். அது வேண்டாம் என்று பவர்காரர் தயங்கினால் அன்றைக்குக் கிளம்பி வந்துவிடலாம்.

வரி இங்கே வேறு மாதிரி. விற்பவர் உள்நாட்டுக்காரர் என்றால் 50 லட்சமும் அதற்கு மேலும் ஆகும் கிரயத்தில் 1 சதவீதம் பிடித்துக் கட்டினால் போதும். என்.ஆர்.ஐ. என்றால் 50 லட்சம் என்ற வரம்பே இல்லை. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரிகளும் என்ற கணக்கில், வாங்குகிறவரே பிடித்துக் கட்ட வேண்டும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை வருவது உங்களிடம். கிராமத்து விவசாய பூமியாக இருந்தால் வரியே இல்லாமலும் போகலாம். அதைத் தரகர் வாய்மொழியில் கேட்காமல் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பவரையே கிரயம்போல விற்பவர்களும் உண்டு. அக்ரிமெண்ட், பவர், உயில் மூன்றையும் எழுதிக்கொடுத்து ‘பத்திரச் செலவு மிச்சம்’ என்பார்கள். 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நேராகச் சொல்லிவிட்டது: இந்த மூன்றாலும் சொத்துரிமை மாறாது. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8, பதிவுக் கட்டணம் 2, ஆகப் பத்து சதவீதம். தமிழ்நாட்டில் 7-ம் 2-ம் சேர்ந்து ஒன்பது. இந்தப் பத்தைச் சேமிக்கப் போய் முழுத்தொகையையும் அந்தரத்தில் விட வேண்டாம்.

வக்கீல்

ஆதாரம் எழுதுகிறவர் சொன்னதை எழுதுகிறவர். சார்பதிவாளர், கையெழுத்திடுபவர் அவர்தானா, தீர்வை சரியா என்று பார்க்கிறவர். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது இருவர் வேலையும் அல்ல. அந்த வேலைக்கு வக்கீல்தான். அவரை நீங்களே தேடி, கிரயம் நடந்தாலும் நின்றாலும் இவ்வளவு என்று கட்டணம் பேசி வைக்க வேண்டும். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் அதே விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு வேலை செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. ஆகவே ‘நம்ம வக்கீலே ரெண்டு பேருக்கும் பாத்துக்குவார்’ என்பதில் உங்களுக்கு வக்கீல் இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். வங்கிக் கடன் வாங்கினால் வங்கியின் வக்கீல் பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பது வங்கியின் அடமானம் நிற்குமா என்பதை.

கோவையிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும் குடும்ப வக்கீல் போதுமா? வக்கீல் இந்தியா முழுவதும் தொழில் செய்யலாம், அதில் தடையில்லை. சிக்கல் வேறு இடத்தில். பத்திரங்கள் மலையாளத்தில். சொத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்கு, அதாவது சித்தூரிலோ பாலக்காட்டிலோ. வாரிசுரிமையும் வேறு. கேரளம் 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே சட்டத்தால் ஒழித்துவிட்டது. பிறப்பால் வரும் பங்கு என்பது அங்கே இல்லை என்றுதான் ஐம்பது ஆண்டுப் பத்திரங்களும் எழுதப்பட்டன. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தத்தோடு முரண்படுகின்றன என்று தீர்ப்பளித்து, பூர்வீகச் சொத்தில் மகள்களின் பங்கை மறுபடி பேசவைத்திருக்கிறது. இதைத் தினமும் கையாள்கிறவர்தான் பார்த்த உடனே ‘இந்தப் பாகப்பிரிவினையில் மகளின் கையெழுத்து எங்கே’ என்று கேட்பார்.

பழைய கோப்புகளிலும் எல்லைக்குரிய சிக்கல் ஒன்று உண்டு. 1956 மாநில மறுசீரமைப்புக்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் கொச்சி சமஸ்தானத்திலும், 1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. பத்து கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வேறு நில நிர்வாகங்களின் காகிதங்கள். அதன்மேல் மறு அளவை வந்து எண்கள் மாறியிருக்கும். பழைய சர்வே எண், புதிய பிளாக் எண், மறு சர்வே எண் மூன்றையும் கோத்துக் காட்டாத லீகல் ஒப்பீனியன் அரைகுறை.

வக்கீலிடம் ‘முப்பது வருட வில்லங்கம் பாருங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் வில்லங்கச் சான்றில் வராதவைதான் அங்கே அதிகம். வருவாய் மீட்பு நடவடிக்கை இருந்தால் அது தண்டப்பேர்க் கணக்கில், கிராம அலுவலகத்தில் தெரியும். அசல் ஆதாரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் எல்லா நேரத்திலும் வில்லங்கச் சான்றில் தெரிவதில்லை. அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும், செர்சாய் என்ற மத்திய அடமானப் பதிவுத் தளத்திலும் தேட வேண்டும். கூட்டுறவு வங்கிக் கடனுக்கு ‘கஹான்’ என்று பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்த பிறகும் அதை நீக்காமல் விட்டிருப்பார்கள்.

நெல்வயல் பட்டியலான ‘டேட்டா பேங்க்’ கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) கிடைக்கும். அதில் தவறாகச் சேர்ந்த பூமியை நீக்க ஆர்.டி.ஓ. மட்டத்தில் படிவம் 5. பட்டியலில் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் ‘நிலம்’ என்று கிடப்பதற்கு 50 சென்ட் வரை படிவம் 6, அதற்கு மேல் படிவம் 7; பரப்பைப் பொறுத்துக் கட்டணமும் வரும். ‘மாத்திக்கலாமுங்க’ என்ற வாக்கை நம்பி வாங்குவதைவிட, மாற்றித் தந்த பிறகே கிரயம் என்று கராரில் எழுதிவிடுங்கள்.

பரப்பு வரம்பைத் தரகர்கள் பேசுவதே இல்லை. 1963-ஆம் ஆண்டு கேரள நிலச் சீர்திருத்தச் சட்டப்படி தனி ஆளுக்கு 7.5 ஏக்கர், இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 ஏக்கர் என்பது உச்சம். தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் போன்ற தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. தென்னை அந்தப் பட்டியலில் இல்லை. மீதியை டிரைவர் பெயரில் போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை வந்தால் அது பினாமி. ஆனைகட்டி வழியாக அட்டப்பாடியில் மலிவாக இடம் இருக்கிறது என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, ஆதிவாசி நிலமா என்பது. பழங்குடியினரின் நிலத்தை மற்றவர்கள் வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. கரம் (நிலவரி) கட்டிய ரசீது எத்தனை இருந்தாலும் நிற்காது.

நேரில் தோப்பைச் சுற்றும்போது மரத்தை அண்ணாந்து பாருங்கள். பாளையில் கலயம் தொங்கினால் கள் இறக்க மரத்தை யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு காலத்துக்கு, முன்பணம் எவ்வளவு, பதிவு நாளில் மரம் காலியாகுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோப்புக்குள் குடிசை இருந்தால், பிறர் பூமியில் குடிசை போட்டு இருப்பவருக்கான ‘குடிகிடப்பு’ உரிமை கோரப்பட்டதா என்று வக்கீல் பார்க்க வேண்டும். கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் அந்த உரிமை 10 சென்ட் வரை போகும். வக்கீல் பொது அறிவிப்பு கொடுக்கும்போது மலையாள நாளிதழில் கொடுக்கச் சொல்லுங்கள். கோவைப் பதிப்புத் தமிழ் நாளிதழில் போட்டால் பங்காளி ஒருவரும் பார்க்கமாட்டார்.

கரார் முதல் போக்குவரவு வரை

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய அக்ரிமெண்டைப் பதிவு செய்வது கட்டாயம். கேரளத்தில் பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு முடித்துவிடுவார்கள். பதிவான அக்ரிமெண்டைப் பார்த்துப் பழகிய இந்தப் பக்கத்துக்காரருக்கு அது லேசான காகிதமாகத் தோன்றும், தோன்றுவதும் நியாயம். பதிவு செய்யாத கராரை நம்பி பூமியின் அனுபவத்தை (சுவாதீனத்தை) முன்கூட்டி வாங்கினால் அந்த அனுபவத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. முத்திரைத்தாள் கேரளத்தினுடையதாக இருக்க வேண்டும். பொள்ளாச்சியில் வாங்கிய தாளில் எழுதிக்கொண்டு போனால் தீர்வை வித்தியாசத்தை அங்கே கட்ட வேண்டி வரும்.

அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம்; கொடுத்தவருக்கோ கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை. ‘நியாயவிலைக்கு (அரசு வழிகாட்டி மதிப்புக்கு) பதிவு, மீதி கையில்’ என்பது அங்கும் இங்கும் ஒரே பாட்டு. வழக்கு வந்தால் திரும்பக் கிடைப்பது காகிதத்தில் இருக்கும் தொகைதான். விற்பவர் பின்வாங்கினால் கிரயம் செய்துதரச் சொல்லி வழக்குப் போட மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் பாக்கிப் பணத்தோடு தாம் தயாராக இருந்ததை வாங்குபவர் நிரூபிக்க வேண்டும். தவணை முடிவதற்குள் வக்கீல் நோட்டீஸ் போய்விட வேண்டும், வங்கியில் இருப்பும் இருக்க வேண்டும். தரகர் ‘இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க’ என்று சொல்லிக்கொண்டே தவணையைக் கடத்திவிடுவது வழக்கமான விபத்து.

வடக்கே ஆந்திர எல்லையில், சத்தியவேடு, குப்பம் பக்கம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி. அங்கே பார்க்க வேண்டியது, பதிவு செய்யக் கூடாத நிலங்களைக் காட்டும் பதிவுச் சட்டம் 22-ஏ தடைப்பட்டியல். அரசு ஏழைகளுக்கு ஒதுக்கிய ‘டி.கே.டி. பட்டா’ நிலத்தை விற்பதை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மலிவாக வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த வகை என்று சந்தேகத்தோடு தொடங்குவது நல்லது. திருத்தணிப் பக்கத்துப் பழைய பத்திரம் தெலுங்கில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்; அந்தத் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960-இல்தான்.

பத்திரம் பதிவானதும் தரகர்கள் கலைந்துவிடுவார்கள், வேலை முடிந்திருக்காது. தண்டப்பேர் இன்னும் பழையவர் பெயரில்தான். முழுச் சொத்தையும் வாங்கியிருந்தால் போக்குவரவு கிராம அலுவலகத்தோடு முடியும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் தாலுகா சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு போட வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம். ஆகவே வக்கீலின் கட்டணத்தில் கடைசித் தவணையைப் போக்குவரவு முடிந்த பிறகு என்று பேசி வையுங்கள். உங்கள் பெயரில் வரும் முதல் கர ரசீதில் பரப்பு ‘ஆர்’ கணக்கில் இருக்கும். ஓர் ஆர் ஏறக்குறைய 2.47 சென்ட், ஐந்து ஏக்கர் என்றால் 202 ஆருக்குச் சற்று மேல். ரசீதில் 196 என்று இருந்தால் பதினைந்து சென்ட் எங்கேயோ வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.